இரண்டு துண்டு மாவுக்கட்டு

பாவாடையின் வலது கை பழைய காப்பீட்டுத் திட்டத்தில் உடைந்து புதிய திட்டத்தில் சேர்ந்தது. இதில் கையின் தவறு எதுவும் இல்லை. எலும்புக்கு அரசாணை வாசிக்கத் தெரியாது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பாலகிருஷ்ணன் என்பவரின் யூனிட்டில் அச்சு செய்கிறவர் பாவாடை. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுப் பிள்ளையார் என்று எதைக் கொடுத்தாலும் பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு பாதியாகப் பிரிகிற மாதிரி அச்சு எடுத்துவிடுவார். அந்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் பிரித்து, பொம்மையைச் சூளைக்கு அனுப்புவார்கள். ஒருநாள் தரையில் சிந்திக் கிடந்த கூழில் கால் வைத்து, வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறிந்தது. முதலாளி தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் நல்லூர் சாலையில் முந்திரித் தோப்புக்கு நடுவே இருக்கும் நலமுத்து மருத்துவமனையில் சேர்த்தார். காப்பீட்டு அட்டை செல்கிற இடங்களில் அதுதான் பக்கம்.

அந்தக் காலத்தில், அதாவது போன ஆடி மாதம்வரைக்கும், ஆஸ்பத்திரி என்ன செய்ததோ அதற்குத் தகுந்த காசு காப்பீட்டில் வந்துகொண்டிருந்தது. ஆகவே ஆஸ்பத்திரி நிறையச் செய்தது. உடைந்த கையை நாலு பக்கமும் எக்ஸ்ரே எடுத்தார்கள். உடையாத கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தார்கள். இதயம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். பல்லைப் பார்த்துவிட்டு, தொழில் முறையில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். மாவுக்கட்டுக்கு நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் என்பதால், மணிக்கட்டில் உடைந்த எலும்புக்கு அக்குளில் தொடங்கி விரல் நுனிவரை கட்டுப் போடப்பட்டது. ஐந்து விரல்களும் விறைப்பாக நீட்டியபடி உள்ளே போயின. நகங்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

பாவாடைக்கும் பிளாஸ்டர்தானே தொழில். ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், ஒடைஞ்சது இங்க. வெரலுக்கு எதுக்கு சார் கட்டு?"

"வெரலும் கையிலதான இருக்குது?" என்றார் டாக்டர் ராஜாங்கம். ஆஸ்பத்திரி அவருடையதுதான். "கட்டுப் பிரிச்சதும் வெரலு கொஞ்சம் மக்கர் பண்ணும். பயப்படாதீங்க. நம்மகிட்டயே வெரல் பயிற்சி இருக்குது, அட்டையிலயே வந்துடும். ஒரு மாசம் மடக்கி மடக்கி விட்டா பழைய கை வந்துடும். அவசரப்பட்டு நீங்களா இழுத்து மடக்கிடாதீங்க. நரம்பு போயிட்டா அப்புறம் அச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்தப் பயிற்சி ஒன்றுதான் பாவாடைக்கு வேண்டியிருந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு வேண்டாமலே கிடைத்தது.

கட்டுப் பிரிக்கச் சொன்ன தேதியில் அவர் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புதுப் பலகை தொங்கியது. 'நோய்க்குக் கட்டணம் இல்லை. நலத்துக்கே கட்டணம்.'

மேலிடத்தில் யோசித்திருந்தார்கள். செய்த வேலைக்குக் காசு கொடுத்தால் ஆஸ்பத்திரி வேலையை அதிகமாகச் செய்கிறது, ஆகவே இனிமேல் குணமானால்தான் காசு. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. குணமாகாத ஆளுக்குக் காசு வராது என்றதும் ஆஸ்பத்திரியும் யோசித்தது. அதிலும் குறை சொல்ல முடியாது. முடியாதவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் வாட்ச்மேனே முதல் பரிசோதனையை முடித்துவிடுவார். "ரொம்ப முடியலையா? அப்ப வேற எடம் பாருங்க." திட்டக்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய இரைப்பு நோயாளி ஒருவர், விஷயம் தெரிந்தவர், எதிர்ப்பக்கம் புளிய மரத்தடியில் உட்கார்ந்து இரைப்பு அடங்கிய பிறகு, முகம் துடைத்து, தலை சீவி, சிரித்துக்கொண்டே வந்தார். வாட்ச்மேன் அவரைப் படியேறச் சொன்னார். நாலாவது படியில் அவர் தேர்வில் தோற்றார். அதே நேரம், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் உள்ளே படுத்திருந்த மச்சானைப் பார்க்க வந்தார். திடகாத்திரமான ஆள்.

"சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"அல்லா புண்ணியத்துல ஒண்ணும் இல்லப்பா."

அப்படியே கையைப் பிடித்து அழைத்துப்போய், காபி கொடுத்து, படுக்கையில் சேர்த்தார்கள். சாயங்காலம் பூரண குணமாகி வீடு திரும்பினார். படுக்கை பற்றாமல் மச்சானைத்தான் இறக்கிவிட வேண்டியதாகிவிட்டது.

பாவாடையை வாட்ச்மேன் தடுக்கவில்லை. கட்டோடு வந்தவர் என்பதால் பழைய சரக்கு என்று காப்பீட்டு மேசைக்கு அனுப்பினார். அங்கே மதிவதனி என்ற பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். யார் வந்தாலும் 'அண்ணே' என்று மனதாரக் கூப்பிட்டுத்தான் இல்லை என்பாள்.

"கட்டுப் பிரிக்கணும்மா" என்றார் பாவாடை.

அவள் தட்டினாள், தேடினாள், உதட்டைப் பிதுக்கினாள். "கட்டுப் பிரிக்கிறதுன்னு தனியா எதுவும் இல்லண்ணே. அது கட்டுப் போட்டதோட சேர்ந்தது. போட்டது பழைய திட்டம். பழைய திட்டத்த மூடிட்டாங்க."

"புதுசுல பிரிச்சி விடு."

"புதுசுல குணமாச்சின்னு காட்டணும்ணே. குணமாச்சின்னு காட்டணும்னா மொதல்ல ஒடைஞ்ச படம் ஏத்தணும். ஒங்களுக்கு இப்ப சேந்துடுச்சே. ஒடைஞ்சப்ப எடுத்த படம் பழைய திட்டத்தோட மூடிடுச்சி. ஆரம்பமே இல்ல, முடிவு மட்டும்தான் இருக்குது."

"அதுக்கு நான் என்னாம்மா பண்ணட்டும்?"

மதிவதனி உண்மையிலேயே அவருக்காக யோசித்தாள். "இடது கை நல்லாத்தான இருக்குது? அத ஒடைச்சிக்கிட்டு வந்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல ஏத்திடுவேண்ணே."

பாவாடை டாக்டரைப் போய்ப் பார்த்தார். "சார், யூனிட்ல ரம்பப் பிளேடு இருக்குது. அச்ச அறுக்கிற மாதிரி நானே அறுத்துப் போட்டுடறேன். பயிற்சி மட்டும் குடுங்க."

டாக்டர் ராஜாங்கம் பதறி எழுந்தார். "கட்டு இங்க பிரிஞ்சாதான் கம்ப்யூட்டர்ல பயிற்சிக்கு வழி தொறக்கும். நீங்களா பிரிச்சா, 'சிகிச்சையை முறித்தவர்'னு அட்டையில ஏறிடும். வேற ஆஸ்பத்திரில நீட்டினாலும் இங்க சிகிச்சையில இருக்கீங்கன்னுதான் காட்டும். பொறுங்க, மேல கேட்டிருக்கோம்." பிறகு உட்கார்ந்து, கொஞ்சம் தத்துவமாகவே பேசினார். "பாவாடை, நான் முப்பது வருஷமா டாக்டரு. நோயாளி வந்தா சந்தோஷப்படுவேன். இப்ப வரலைன்னா சந்தோஷப்படறேன். எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்க! பழைய திட்டத்துல நான் பேராசக்காரனா இருந்தேன்னு புதுத் திட்டம் வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. இதுல என்னா ஆவேன்னு இன்னும் தெரியல."

திங்கட்கிழமைதோறும் பாவாடை வந்து, கட்டோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டு இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அவர் வாராவாரம் வந்தார். புரட்டாசி நெருங்கியது. கட்டுக்குள் அரிப்பு எடுக்கும்போதெல்லாம் களிமண் வழிக்கிற மூங்கில் குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டார்.

"பாவாடை, கொலு ஆர்டர் நிக்குது" என்றார் முதலாளி பாலகிருஷ்ணன். கெட்டவர் இல்லை. "ஒனக்காகத்தான் எடத்த வச்சிருக்கேன். நவராத்திரிக்குள்ள வந்துடு. அதுக்கு மேல நான் பிள்ளையார்கிட்டப் போயி காப்பீடு புரியலைன்னு சொல்ல முடியாது."

வீட்டில் மனைவி தனக்கோடி இன்னும் நேராகப் பேசினாள். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே பேசியதால் அவருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை.

"ஊருக்கெல்லாம் அச்சுப் பிரிக்கிற ஆளு. கையில மாட்டின அச்சப் பிரிக்கத் தெரியல. இந்த வூட்டுல எனக்கு ரெண்டு புள்ளைங்க, நீ மூணாவது. ஆ காட்டு."

அந்த வார்த்தைதான் வேலை செய்தது. மறுநாள் பாவாடை யூனிட்டுக்குப் போய், இடது கையால் ரம்பப் பிளேடைப் பிடித்துக் கட்டை அறுத்தார். வேறு யாராக இருந்தாலும் உடைத்து எறிந்திருப்பார்கள். அச்சுக்காரருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆர்டர் முடியாமல் அச்சை உடைக்கக் கூடாது என்பது பேட்டையில் எல்லோருக்கும் கையில் ஊறிய சங்கதி. ஆகவே இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் நீளவாக்கில் அறுத்தார். ஒரு பாதியில் குழி தோண்டி, மறு பாதியில் அதற்கேற்ற குமிழ் வைத்தார். சேர்த்தால் மயிரிழை தெரியாமல் பொருந்தும். மேலே அச்சுக்குப் போடுகிற சைக்கிள் டியூப் ரப்பர் இரண்டு. மாட்டினால் கட்டு, கழற்றினால் கை.

கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கை மாதிரியோ வந்தது. எலும்பு சேர்ந்திருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தார். ஐந்தும் கட்டுக்குள் இருந்தபடியே நின்றன. களிமண் உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கப் பார்த்தார். உருண்டை உருண்டு விழுந்தது. டாக்டர் சொன்ன நரம்பு நினைவுக்கு வரவே, மேலே அழுத்தாமல் விட்டுவிட்டார். பயிற்சிக்கு வழி திறக்க வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை கட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்தாக வேண்டும்.

இரண்டு திங்கட்கிழமை ஒழுங்காகப் போயின. மூன்றாவது திங்களில், மதிவதனி கேமராவைத் தூக்கிய நேரம் பார்த்து ஒரு ரப்பர் அறுந்தது. கட்டு வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துத் திறந்தது. பாவாடை உள்ளே இருந்த கையோடு அப்படியே நின்றார்.

டாக்டர் ராஜாங்கம் வந்தார். இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தார். சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். பாவாடை போலீஸ் வருமென்று எதிர்பார்த்தார். டாக்டரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது.

"இது எந்தக் கைக்கும் பொருந்துமா?"

"அவங்கவங்க கனத்துக்குத் தக்க எடுக்கணும் சார்."

"சின்னது, நடுத்தரம், பெருசு. மூணு அளவுல எடுத்துக் குடுங்க. காலுக்கும் வேணும். ஒங்க பயிற்சிக்கு நான் பொறுப்பு."

"வெரலு மடங்கல சார். மாவு குழைக்க முடியாது."

"நீங்க சொல்லுங்க, வேற ஆளு குழைக்கட்டும். எல்லாம் ஒங்க பயிற்சிக்காகத்தான்."

இப்படித்தான் நலமுத்து மருத்துவமனை புதிய திட்டத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது. நல்ல உடம்போடு ஒருவர் வந்து உட்காருவார். அவர் கையில் இரண்டு துண்டைச் சேர்த்து ரப்பர் போட்டு ஆரம்பப் படம் எடுப்பார்கள். எக்ஸ்ரேக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பாவாடைக்கு நாலு பக்கமும் எடுத்தது பத்திரமாக இருந்தது, அதையே பேரை மாற்றி எல்லோருக்கும் வைத்தார்கள். ஒரு காபி கொடுப்பார்கள். காபி தீர்ந்ததும் ரப்பரைக் கழற்றி முடிவுப் படம். எலும்பு சேர்ந்துவிட்டது! பெண்கள் தயங்கியபோது கட்டின் மேல் பூ வரைந்து கொடுத்தார்கள். யூனிட்டிலும் வேலை மும்முரமானது. பாலகிருஷ்ணன் கொலுப் பிள்ளையாரை மூலையில் ஒதுக்கிவிட்டார். "பிள்ளையார் வருஷத்துக்கு ஒரு தரம்தான்யா ஓடும். கட்டு தெனம் ஓடுது" என்று பாவாடையின் தோளைத் தட்டினார். பாவாடை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு, மாவுப் பதம் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைகளில் தன் கட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பயிற்சியைக் கேட்டார்.

"மேல கேட்டிருக்கோம்ணே" என்றாள் மதிவதனி.

மேலே இருந்து ஆளே வந்துவிட்டது. மாவட்ட விளைவு மதிப்பீட்டு அலுவலர் மதிவாணன், எலும்பைச் சேர்ப்பதில் முதலிடம் பிடித்த ஆஸ்பத்திரிக்குக் கேடயம் கொடுப்பதற்காக நேரில் வந்தார். முற்றத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, குணமானவர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். குணமாகாதவர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் புளிய மரத்தடியில் நின்று பார்த்தார்கள்.

அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"இருபது வருடப் பணியில் நான் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும். இந்த வட்டாரத்தில் கை உடைந்தவர்களின் எண்ணிக்கை, கை உள்ளவர்களின் எண்ணிக்கையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வேறு அதிகாரி என்றால் சந்தேகப்பட்டிருப்பார். நான் பூரித்துப் போனேன். இத்தனை பேர் துணிந்து உடைத்துக்கொள்கிறார்கள் என்றால், இந்த ஆஸ்பத்திரி மேல் மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்! வெளிநாடுகளில் ஒரு எலும்பு சேர வாரக்கணக்கில் ஆகிறது. இங்கே ஒரு காபி ஆறுவதற்குள் சேர்கிறது. காபியில் என்ன கலக்கிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை."

கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகள் எல்லாம் அண்மையில் உடைந்து சேர்ந்தவை.

"ஆனால்" என்றார் அலுவலர். "ஒரே ஒரு கை மட்டும் நிலுவையில் இருக்கிறது. அந்தக் கை முடியாமல் நூற்றுக்கு நூறு வராது. யாருடைய கை அது?"

உண்மையில் உடைந்த ஒரே கை அதுதான் என்பதை யாரும் சொல்லவில்லை. டாக்டர் சைகை காட்ட, பாவாடையைக் கட்டோடு மேடையேற்றினார்கள். தனக்கோடி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தல் ஓரமாக முன்னே வந்தாள். மதிவதனி கம்ப்யூட்டரோடு மேடை மேலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பிரிக்க அலுவலர் அந்த இடத்திலேயே சிறப்பு அனுமதி கொடுத்தார். ஒரு தட்டில் கத்தரிக்கோல் வந்தது. திறப்பு விழா மாதிரி, அலுவலர் ரப்பரை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினார். இரண்டு துண்டும் அழகாகப் பிரிந்தன. கேமராக்கள் மின்னின.

"கைய நல்லாத் தூக்கிக் காட்டுங்க! எல்லாரும் பாக்கட்டும்!"

பாவாடை கையைத் தூக்கினார். ஐந்து விரல்களும் விரிந்தபடி, ஆசீர்வதிக்கிற மாதிரி நின்றன. பந்தல் அதிர்ந்தது. அலுவலரும் பதிலுக்குக் கை அசைத்தார்.

"சார்" என்றார் பாவாடை, கையை இறக்காமலே. "வெரலு மடங்கல சார். பயிற்சி..."

கைதட்டலில் அது கேட்கவில்லை. அவர் மதிவதனியிடம் திரும்பினார். "யம்மா, கட்டுப் பிரிஞ்சிடுச்சி. இப்ப வழி தொறந்திருக்குமே, பாரு."

மதிவதனி பார்த்தாள். அவளுடைய முகம் விழுந்தது. "பூரண குணம்னு ஏறிடுச்சிண்ணே. சாரே கையெழுத்து வச்சிட்டாரு. பூரண குணமானவங்களுக்குப் பயிற்சி வராதுண்ணே. முழுசா குணமாகாதவங்களுக்குத்தான் வரும்."

"நான் முழுசா ஆவலியே."

"முழுசா ஆவாதவங்கள நாம சேக்கறதில்லியேண்ணே."

அலுவலர் அதற்குள் கேடயத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பாவாடை மேடையிலிருந்து குதித்து ஓடினார். "சார்! பாருங்க சார்! மடங்கல சார்!" கையை உயரத் தூக்கி, விரல்களைக் காட்டிக்கொண்டே காருக்குப் பக்கத்தில் ஓடினார். அலுவலர் கண்ணாடியை இறக்கி, மனம் நெகிழ்ந்து, வெளியே கையை நீட்டி அசைத்தார். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று டிரைவரிடம் சொன்னது கேட்டது. பயனாளியின் திருப்தி மிக மிக நன்று என்று அன்றைக்கே பதிவானதாகப் பிறகு தெரிந்தது.

கார் முந்திரித் தோப்புத் திருப்பத்தில் மறைந்தது. பாவாடை சாலை நடுவே கையைத் தூக்கியபடியே நின்றார். தனக்கோடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"எறக்கு. போயிட்டாங்க."

அவர் இறக்கினார். அவள் அவருடைய விரல்களைத் தன் விரல்களால் மூடிப் பார்த்தாள். அவள் கைதான் மூடிக்கொண்டது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மதிவதனி மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் கட்டின் ஒரு பாதி மட்டும் இருந்தது.

"அண்ணே, இன்னொரு பாதிய எங்க வச்சீங்க? சீக்கிரம் சொல்லுங்கண்ணே. உள்ள ஒருத்தரு ரொம்ப நல்லா இருக்காரு, அவசரம்."